இளகும் பாதம், இறுகிய பாதம்

தொழிற்சாலைகள் சூழ்ந்த தண்டலத்தில் கால் பார்க்கிற பிசியோதெரபிஸ்டுக்குக் காலுக்கும் முன்னால் கைக்கு வருவது ஷூதான். நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே வருகிறவர்கள். வீட்டுக்குப் போய்ச் செருப்பு மாற்றிவரப் பொறுமை இருக்காது. எனக்கு அது வசதி. ஷூவின் அடியைத் திருப்பி எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம். ஆனால் சேஃப்டி ஷூவின் அடி தடிமனானது. ஒரே இடத்தில் நின்று வேலை பார்க்கிறவருக்கு அது லேசில் தேயாது. அதனால் உள்ளே இருக்கும் இன்சோலை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன். குதிகால் எந்தப் பக்கம் அழுந்தியிருக்கிறது, பெருவிரலின் அடிமூட்டு பட்ட இடம் எவ்வளவு கறுத்திருக்கிறது, சுண்டுவிரலுக்குத் தடம் உண்டா இல்லையா என்று பாதி சங்கதி அதிலேயே தெரிந்துவிடும். நாற்றத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை.

"எனக்கு ஃப்ளாட் ஃபுட் சார், அதான் வலி" என்று தீர்ப்போடு வருகிறவர்கள் இப்போது அதிகம். தட்டைப் பாதம் என்பது முகவெட்டு மாதிரி ஒரு அமைப்பு, அதுவே நோயல்ல. வளைவு தாழ்ந்த காலோடு ஒரு வலியும் இல்லாமல் ஆயுள் முழுக்க நடந்தவர்கள் எத்தனையோ பேர். நான் கேட்கிற முதல் கேள்வி, பாதம் எப்படித் தெரிகிறது என்பதல்ல, இளகுகிறதா என்பது. அதற்கு ஸ்கேன் வேண்டாம். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்கவைத்து, குதிகாலைத் தூக்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன். குதி உள்பக்கம் திரும்பி, காணாமல் போன வளைவு எழுந்து வந்தால் அது இளகும் பாதம். அடுத்து இரண்டு காலிலும் நிற்கவைத்து, பெருவிரலை மட்டும் கையால் மேலே தூக்குவேன். கிணற்று உருளையில் கயிறு இறுகுகிற மாதிரி, உள்ளங்கால் சவ்வு விரலடியில் சுற்றி இறுகி வளைவைத் தூக்கிவிடும்.

குதி திரும்பவே இல்லை என்றால் கதை வேறு. பதின்வயதுப் பையனாக இருந்தால், பின்பாதத்தில் இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒட்டி வளர்ந்திருக்கலாம். எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். நாற்பது தாண்டியவர் குதிகாலைத் தூக்கவே முடியாமல் திணறி, உள்கணுக்காலுக்குப் பின்னால் வலி என்றும் சொன்னால், வளைவைத் தாங்கிப் பிடிக்கிற தசைநார் நைந்துபோகிறது என்று பொருள். பாதம் சரிவது பல நேரம் ஒரு பக்கம்தான். அவருக்கு "எடை குறைங்க, நடங்க" என்று சொல்லி அனுப்புவது கொடுமை. நடக்க நடக்க அந்த நார் இன்னும் நையும்.

சுற்றுக் கிராமத்துப் பையன்கள் ராணுவத் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறார்கள். தட்டைப் பாதம் என்றால் கழித்துவிடுவார்கள் என்ற பயத்தில், முகாமுக்கு முன்னால் வளைவை வரவழைக்கச் சொல்லி வருவார்கள். ராணுவ மருத்துவ விதியே இந்த இளகும் கணக்கைத்தான் பார்க்கிறது: நுனிக்காலில் நின்றால் வளைவு திரும்பி வர வேண்டும், நுனிக்காலில் குதிக்கவும் ஓடவும் வர வேண்டும், பாதம் வலியில்லாமல் மடங்க வேண்டும். அப்படியிருந்தால் தகுதிதான். "தம்பி, இப்பவே உனக்கு அது இருக்கு" என்று சொன்னால் சிலருக்கு ஏமாற்றம். எதையாவது மாட்டிவிடுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பார்கள்.

அம்மாக்கள் கேட்பது இதன் மறுபக்கம்: குழந்தைக்கு வளைவு வர எந்த ஷூ வாங்கலாம்? கர்நாடகக் கடற்கரைப் பக்கம் ராவும் ஜோசப்பும் 2300 குழந்தைகளின் பாதத் தடத்தை எடுத்து 1992-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் சொல்வேன். ஷூ, செருப்பு போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம்; வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம் கூடுதல், திறந்த செருப்பு போட்டவர்களிடம் குறைவு. வீட்டுக்குள்ளும் மணலிலும் வெறுங்காலோடு விடுங்கள் என்றால், ஃபீஸ் கொடுத்துக் கேட்கிற அறிவுரையா இது என்று பார்ப்பார்கள்.

இனி பெருவிரல். ஹாஸ்டலில் தங்கி அசெம்பிளி லைனில் நிற்கிற பெண்களிடம் அடிக்கடி பார்ப்பது, பெருவிரல் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து அடிமூட்டு வெளியே புடைத்துவரும் கோளாறு. எக்ஸ்ரேயில் அந்தச் சாய்வு 15 டிகிரியைத் தாண்டினால் கணக்கில் எடுத்துக்கொள்வோம். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. "எங்க ஆத்தாவுக்கும் இப்படித்தான்" என்பார்கள். சாதாரண ஷூ என்றால், புடைப்பு உரசும் இடத்தில் தோலை இளக்கித் தரச் சொல்லலாம். சேஃப்டி ஷூவின் முன்னால் இருப்பது 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டிய கவசம். இந்தியத் தர விதி ஐஎஸ் 15298 அதைத்தான் கேட்கிறது. இளகுவது அதன் வேலையில்லை. ஷூ ஒரு சைஸ் சின்னதாகவோ அகலம் போதாமலோ இருந்தால், கவசத்தின் பின்விளிம்பு சரியாக அந்தப் புடைப்பின் மேல் வந்து உட்காரும். ஒரு பெண்ணின் பாதத்தில் விளிம்பு பட்ட கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் சிவந்திருந்தது. நீளம் கூட்டி வாங்கினால் குதி கழன்றுகொண்டு வரும். தேவை அகலம். அது கம்பெனி ஸ்டோரில் கேட்டுக் கிடைக்கிற சரக்கல்ல. இரவில் கட்டிக்கொள்ளும் பட்டை சாய்ந்த விரலை நிரந்தரமாக நிமிர்த்தும் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். கழற்றியதும் விரல் தன் இடத்துக்குப் போய்விடும். உரசலும் வலியும் குறைய விரலிடைப் பஞ்சு போதும்.

வளைவு மிகுந்த பாதம் இங்கே அரிது. ஆனால் ஒரு காலில் மட்டும் வளைவு கூடிக்கொண்டே போகிறது என்றால் இன்சோல் பேச்சே எடுக்க மாட்டேன். முதுகுத் தண்டையும் நரம்பையும் பார்க்கச் சொல்லி அன்றைக்கே சீட்டு.

கையின் வேலை முழுதாகத் தெரிய வேண்டுமானால் பாதம் உள்பக்கம் திரும்பிய வளைபாதத்தோடு பிறந்த குழந்தையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் பொன்செட்டி வகுத்த முறையில், எலும்பு டாக்டர் மாவுக்கட்டைச் சுற்றுவார், காலைப் பிடித்து நிற்பது நான். கட்டைவிரல் நிற்க வேண்டிய இடம் வெளிக்கணுக்காலுக்குச் சற்று முன்னால், டேலஸ் எனும் கணு எலும்பின் தலைமேல். அதைத் தாங்கலாகக் கொண்டு முன்பாதத்தை வெளிப்பக்கம் நகர்த்த வேண்டும். விரல் கொஞ்சம் முன்னே தள்ளிக் கனசதுர எலும்புப் பக்கம் போனால் குதி திரும்பாமல் பூட்டிக்கொள்ளும். முதல் கட்டில் பெருவிரல் பக்கத்தை உயர்த்துகிறோம். பார்க்கிறவர்களுக்குக் கால் இன்னும் உள்ளே திரும்புவதுபோல் தெரியும், பாட்டிகள் பதறுவார்கள். வாரம் ஒரு கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டு. கடைசியில் பல குழந்தைகளுக்குக் குதிநாரைச் சின்னதாக வெட்டிவிட்டு மூன்று வாரக் கட்டு. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. குழந்தைகள் நலத் திட்டத்தில் இந்தக் கோளாறும் இருப்பதால், அரசு மருத்துவமனை வழியாகச் செலவில்லாமல் செய்துகொள்ளலாம். உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகு. இரண்டு ஷூவைக் கம்பியால் இணைத்த பிரேஸை மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நாலு வயதுவரை தூங்கும்போதும் போட வேண்டும். ஒற்றை ரூமில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற அப்பா, புழுக்கத்தில் அழுகிற குழந்தை. பிரேஸைக் கழற்றிப் பரணில் போட்டால் கால் பழையபடி திரும்பத் தொடங்கும். அதனால் காலைப் பற்றிக் கேட்பதற்கு முன் வீட்டில் ஃபேன் இருக்கிறதா, குழந்தை யார் பக்கத்தில் படுக்கிறது என்று கேட்கிறேன்.

வலி இல்லாத காலைக் கண்டால்தான் எனக்குப் பயம். சர்க்கரை நோயில் உணர்வு மரத்து, வளைவு உடைந்து, அடிப்பாதம் புடைத்த காலோடு ஒருவர் சர்வசாதாரணமாக நடந்து வருவார். ஒரு பாதம் மட்டும் வீங்கி, புறங்கையால் தொட்டால் மற்றதைவிடச் சுடுகிறது என்றால், எலும்பு உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் அன்றிலிருந்து நடை நிறுத்தம். இந்த ஞானம் தமிழ்நாட்டுக்குத் தொழுநோயால் வந்தது. இங்கிருந்து ஒரகடம் தாண்டிப் போனால் செங்கல்பட்டுத் திருமணியில் 1955 முதல் மத்திய தொழுநோய் நிறுவனம். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், பிறகு கரிகிரி தொழுநோய் மருத்துவமனை: புண் ஆறாமல் போவது நோயால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அதே இடத்தில் ஊன்றுவதால் என்று காட்டியவர்கள். இன்று சர்க்கரைக்காரர்கள் போடும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு அந்த வழியில் வந்தது.

மற்றபடி இங்கே வருகிற குதிகால் வலியில் பெரும்பங்கு, இறுகிய ஆடுசதை. முழங்காலை நீட்டியபோது பாதம் மேலே வராமல், மடக்கியபோது வந்தால் இறுக்கம் மேல்தசையில். படிக்கட்டில் நுனிக்காலை ஊன்றிக் குதியைக் கீழே தொங்கவிடு, முப்பது விநாடி. பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்தால் போதும்.

நின்று செய்யும் வேலையிலிருந்து கொஞ்ச காலம் மாற்றித் தரும்படி கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்பேன். காண்ட்ராக்ட் ஆட்கள் உடனே கையை ஆட்டுவார்கள். "லெட்டர்லாம் வேணாம் சார், அப்புறம் ஓ.டி. தர மாட்டாங்க. உள்ள வைக்கிறத மட்டும் குடுங்க." இன்சோலை முக்கால் நீளத்தில், விரல்களுக்குப் பின்னாலேயே நிற்கிறபடி வெட்டித் தருகிறேன். கவசத்துக்குள் விரலுக்கு இருக்கிற இடம் குறையாது; கேட்டில் ஷூவைக் கழற்றச் சொன்னாலும் யார் கண்ணிலும் படாது.