குண்டுமணி அளவு எஃகும் ஜெலட்டின் கட்டியும்

துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டு தசைக்குள் நுழைந்த பிறகு எவ்வளவு ஆழம் செல்கிறது, எங்கே விரிகிறது, எங்கே புரள்கிறது என்பவற்றை ஆராயும் துறை காய எறியியல் எனப்படும். அத்துறையின் முதன்மைக் கருவி விலையுயர்ந்த எந்திரம் அன்று. பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் தூளை நீரில் கரைத்து, குளிரில் உறையவைத்துப் பெறும் இளந்தேன் நிறக் கட்டிதான். அதைத் தயாரிப்பவரின் வேலை சமையற்கட்டுப் பக்குவத்துக்கு நெருக்கமானது என்பதும், அந்தப் பக்குவம் தவறினால் அதன்பின் சுடப்படும் ஒவ்வொரு குண்டின் அளவீடும் பொய்யாகிவிடும் என்பதும், முடிவுகளை மட்டும் வாசிப்பவர்களின் கண்ணில் படுவதில்லை.

பக்குவம் தூளிலேயே தொடங்குகிறது. ஜெலட்டினின் உறுதியைப் புளூம் எண்ணால் குறிப்பர், 6.67 விழுக்காடு தூள் சேர்த்து 10 பாகை செல்சியசில் உறையவைத்த கூழ்மத்துக்குள், அரை அங்குல விட்டமுள்ள உருளை ஒன்று 4 மில்லிமீட்டர் இறங்குவதற்கு எத்தனை கிராம் எடை தேவைப்படுகிறதோ அதுவே அந்த எண். குண்டுச் சோதனைக்கு உரியது 250 புளூம் வகை. எடைக் கணக்கில் ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு நீர். தூளை வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும் என்பதால், முதலில் குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கி, இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவிட்டு, ஒவ்வொரு மணியும் நீரை உறிஞ்சி உப்பிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் வைத்து இளக்குவர். இளக்கும்போது வெப்பம் 40 பாகையைத் தாண்டலாகாது. தாண்டினால் புரத இழைகள் சிதைந்து, பார்வைக்குச் சரியாகவும் உள்ளே வலுவிழந்தும் இருக்கும் கட்டி கிடைக்கும். நுரை அடங்கச் சில துளி இலவங்கப்பட்டை எண்ணெய் சேர்ப்பது இத்தொழிலின் வழக்கம். கரைசலைக் கிளறும் கை அவசரப்படாமல் இருப்பதும் அதே காரணத்துக்காகத்தான், ஏனெனில் உள்ளே தங்கிவிட்ட காற்றுக்குமிழிகள் பின்னர் குண்டின் தடத்தைப் பார்வையிலிருந்து மறைத்துவிடும். அச்சில் ஊற்றி உறைந்த கட்டி 4 பாகைக் குளிரில் குறைந்தது ஒன்றரை நாள் இருந்த பிறகே சோதனைக்குத் தகுதி பெறுகிறது.

தகுதி பெற்றதா என்பதைத் தீர்மானிப்பது ஒரு சிறு எஃகு மணி. நம்மூர்ச் சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று சொல்லும் உருண்டைக்கு உறவான, 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள, ஏறக்குறைய குண்டுமணி அளவேயான அந்த மணியைக் காற்றுத் துப்பாக்கியால் நொடிக்கு 590 அடி வேகத்தில் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். மணி போய் நின்ற இடம்வரை அளந்தால் ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம், அதற்கு மேல் விலகினால் கட்டியை ஒதுக்கிவிட வேண்டியதுதான். இரண்டு நாள் உழைப்பை ஓர் அளவுகோல் நொடியில் தள்ளிவிடும் அந்த இடத்தில், கட்டியை உண்மையிலேயே தள்ளிவைக்கும் மனத்திடமே இத்தொழிலாளரின் நேர்மைக்கு உரைகல்.

இந்த ஒழுங்கை நிலைநாட்டியவர் படைக்கருவி வல்லுநர் அல்லர், அறுவை மருத்துவர். வியட்நாம் போரில் காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர், 1981 முதல் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் ஆய்வு நிறுவனத்தில் காய எறியியல் ஆய்வகத்தை நடத்தினார். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பன்றிகளின் தொடைத் தசையில் குண்டுகள் சென்ற ஆழத்தையும், 10 விழுக்காட்டு ஜெலட்டினில் 4 பாகைக் குளிரில் சென்ற ஆழத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துவருவதை அவர் காட்டிய பிறகே, இக்கட்டி வெறும் காட்சிப்பொருள் என்ற நிலையிலிருந்து அளவுகோல் என்ற நிலைக்கு உயர்ந்தது. நேட்டோ நாடுகளில் 20 விழுக்காட்டுக் கட்டியை 10 பாகையில் பயன்படுத்தும் மரபும் இருந்துவருகிறது. ஆதலால் எந்தக் கட்டியில் எடுத்த அளவு என்று சொல்லாமல் ஆழத்தை மட்டும் சொல்வது, படியா மரக்காலா என்று சொல்லாமல் நெல்லை அளந்ததற்குச் சமம்.

கட்டிக்குள் குண்டு எவ்வளவு ஆழம் செல்லவேண்டும் என்ற வரையறைக்கு வழிவகுத்தது ஒரு துப்பாக்கிச் சண்டை. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் இருவர் உயிரிழந்தனர். கொள்ளையருள் ஒருவனின் மேற்கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அதன்பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான். 1987இல் குவாண்டிகோவில் அத்துறை மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் கூட்டி ஆராய்ந்ததன் விளைவாக, குண்டு கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம்வரை செல்லவேண்டும் என்ற வரையறை உருவாயிற்று. மனித மார்பின் தடிமனைவிட இது அதிகம் என்று தோன்றினாலும், குறுக்கே கை வரலாம், குண்டு சாய்வாக நுழையலாம் என்பதே இதன் கணக்கு. கட்டியின் முன்னே கனத்த உடைகள், எஃகுத் தகடு, ஜிப்சம் பலகை, ஒட்டுப்பலகை, கார்க் கண்ணாடி ஆகியவற்றை நிறுத்திச் சுடுவதும் அப்போது வகுக்கப்பட்ட முறையே.

சுடும் களத்தில் நிற்பவர் காண்பது மிகச் சிறிது நேரமே நீடிக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கட்டி இளகத் தொடங்குமுன், 20 நிமிடங்களுக்குள் வேலை முடிந்தாக வேண்டும். குண்டு பட்டதும் கட்டி ஒருகணம் உப்பி மேசையில் துள்ளி, நுங்குபோல் நடுங்கி அடங்குகிறது. அந்த உப்பலே தற்காலிகக் குழி, அடங்கிய பின் எஞ்சும் தடமே நிலைக் குழி. பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்த்தால், தடத்தைச் சுற்றி இதழ் விரிந்தாற்போல் வெடிப்புகள் தெரியும். கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, அவ்வெடிப்புகளின் நீளத்தை அளந்தே தற்காலிகக் குழியின் பருமன் கணிக்கப்படுகிறது. கடைசியாகக் குண்டை இடுக்கியால் எடுத்துக் கழுவி, எவ்வளவு விரிந்தது, எவ்வளவு எடை இழந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். விரிவதற்காகக் குண்டின் முனையில் விடப்பட்ட குழியை உடையின் நூலிழைகள் அடைத்துக்கொண்டதால் விரியாமலே போன குண்டும் இவ்வாறு கையில் கிடைப்பதுண்டு.

விரியும் குண்டின் வரலாறு இந்தியாவைத் தொடுகிறது. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில், முனையில் ஈயம் வெளித்தெரியச் செய்யப்பட்ட குண்டுகளின் பெயரே உலகெங்கும் பரவியது. 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் அத்தகைய குண்டுகளைப் போரில் விலக்கியது. எந்தக் குண்டு எத்தகைய காயம் செய்கிறது என்ற கேள்வி, ஆயுதம் வாங்குபவரைக் காட்டிலும் மருத்துவருக்கும் சட்டத்துக்குமே பெரிதும் உரியது என்பதை இவ்வரலாறு நினைவூட்டுகிறது. அக்கேள்விக்கு விடை தேட, சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் ஆய்வாளர்கள் கிளிசரின் சோப்புக் கட்டியைக் கையாண்டதும் குறிப்பிடத்தக்கது. ஜெலட்டின் மீள்தன்மையால் சுருங்கிவிட, சோப்பு குழியை விரிந்த அளவிலேயே வைத்திருப்பதால் அதை நேரடியாக அளக்க முடிகிறது.

எனினும் கட்டியில் எலும்பு இல்லை, தோல் இல்லை, குருதிக்குழாய் இல்லை. கைத்துப்பாக்கிக் குண்டு உண்டாக்கும் உப்பலை நுரையீரலும் தசையும் பெரும்பாலும் தாங்கி மீள்கின்றன, கல்லீரலோ கிழிகிறது, சீரான ஜெலட்டின் இந்த வேற்றுமையைச் சொல்லாது. கனிம எண்ணெயில் செய்த, கண்ணாடிபோல் தெளிந்த செயற்கைக் கட்டிகள் குளிர்பெட்டி வேண்டாதவை, மீண்டும் உருக்கத்தக்கவை என்பதால் விளம்பரப் படங்களில் பெருகிவிட்டன. ஆனால் அவற்றில் குண்டு ஜெலட்டினில் நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்வதில்லை. ஆகவே இத்தகைய படத்தைக் காண்பவர், கட்டி எத்தனை விழுக்காடு, எத்தனை பாகை, எஃகு மணி எத்தனை சென்டிமீட்டர் சென்றது என்று முதலில் தேடவேண்டும்; அம்மூன்றும் குறிக்கப்படாத சோதனையின் எந்த அளவையும் ஏற்கலாகாது.