இல்லத்தில் சீன மொழி

குழந்தைகளுக்கு அயல்மொழி எதற்கு என்னும் வினா எழுந்தால், உத்தியோகத்திற்கு என்னும் விடையே உடனே பிறக்கின்றது. அவ்விடை பொருத்தமானதே, எனினும் அதற்கு அப்பாலும் ஒரு பயன் உண்டென்பதை என் சிறு அனுபவங்கொண்டு ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

யான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலுள்ள ஓர் ஆலையில் பணியாற்றுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இயந்திரங்களை நிறுவும்பொருட்டுச் சீனத்தினின்று பொறியாளர் சிலர் அங்கு வந்து தங்கினர். அவரோடு பழகியதாலும், பின்னர்த் தொடர்ந்து பயின்றதாலும் அந்நாட்டின் பொதுமொழியில் எனக்கு ஓரளவு பயிற்சி உண்டாயிற்று. இரண்டாண்டுகளாக அதனை என் மகளுக்கும் மகனுக்கும் மாலைதோறும் கால்மணி நேரம் கற்பித்து வருகின்றேன். மகளுக்கு இப்பொழுது வயது ஏழு, மகனுக்கு ஐந்து. பள்ளியிற் கற்கலாகாதா என்று நண்பர் வினவுவர். 2019-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கையின் வரைவில் அயல்மொழிகளுள் ஒன்றாகச் சீனமும் குறிக்கப்பட்டிருந்தது. 2020-இல் வெளியான கொள்கையில் அப்பெயர் காணப்படவில்லை. ஆகவே வீடே பள்ளியாயிற்று.

முதல் மூன்று திங்கள் புத்தகத்தைத் தொடவில்லை, செவிக்கே வேலை. ‘மா’ என்னும் ஓரொலி சீனத்தில் ஒரே மட்டமாய் நீண்டால் தாய். வினவுவதுபோல் மேலெழுந்தால் சணல். தாழ்ந்து மீண்டால் குதிரை. அதட்டுவதுபோல் வீழ்ந்தால் திட்டுதல். என் மகன் ஒரே மாலையில் தன் தாயை மும்முறை குதிரையாக்கினான். குழந்தைகளோ இதனைப் பாட்டாகக் கொண்டு விளையாடியே தேர்ந்தனர்.

இரண்டாவது இடர் மூச்சைப் பற்றியது. ‘பா’ என்று மூச்சடக்கிச் சொன்னால் தந்தை. அதனையே மூச்சு வெளிப்படச் சொன்னால் அஞ்சுதல். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. வாயின்முன் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லச் செய்தேன். காகிதம் அசையாதிருந்தால் தந்தை, படபடத்தால் அச்சம். இப்பாடம் அவர்களுக்கு மிகவும் உவப்பாயிருந்தது.

என் அன்னையார்க்கு இது சற்றும் பிடிக்கவில்லை. “வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிற பிள்ளைக்குச் சீனம் ஒரு கேடா?” என்றார். அவர் கூறியதில் நியாயமிருந்தது. ஆனால் சீனத்தில் மனிதனைக் குறிக்கும் ‘ரென்’ என்னும் சொல்லின் முதலொலி நம் ழகரத்திற்கு மிக அணித்து. அவ்வொலிக்காக நாவை மேலே வளைக்கப் பழகிய சிறுவன், சின்னாட்களில் வாழைப்பழத்தையும் பிழையின்றிச் சொல்லத் தொடங்கினான். அதன்பின் அன்னையார் வாளாவிருந்தார்.

எழுத்துக்களைத் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதக் கற்பித்தேன். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்னும் முறையைக் கோலமிடப் பழகிய மகள் எளிதிற் பற்றிக்கொண்டாள். ஒரு மரம் வரைந்தால் மரம். இரண்டு வரைந்தால் தோப்பு. மூன்று வரைந்தால் அடர்ந்த கானகம். ஞாயிற்றையும் திங்களையும் அருகருகே நிறுத்தினால் ஒளி.

வியப்பு யாதெனில், வேற்றுமை மிக்க இம்மொழியில் எங்கள் வீட்டு வழக்கமே பல இடங்களில் தென்பட்டதுதான். பதினொன்று சீனத்திலும் பத்தும் ஒன்றுமே. இருபது இரண்டு பத்தே. முன்னிற்போரை உளப்படுத்தும் ‘நாம்’ ஒன்று, விலக்கும் ‘நாங்கள்’ ஒன்று என வடசீனர் பேச்சில் இருவேறு சொற்கள் உள. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் சொல் ஒன்றே. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்னும் நால்வர்க்கும் நமக்குப் போலவே அவர்க்கும் தனித்தனிப் பெயருண்டு.

இவ்வுறவுப் பெயர்களே பெரியதோர் பிணக்கைத் தணித்தன. இராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற என் தமையனார் திருவள்ளூரில் வசிக்கின்றார். அவர் ஒருநாள் எங்கள் இல்லத்திற்கு வந்து, பாடம் நடப்பதைக் கண்டு முகஞ்சிவந்தார். “தம்பி, கல்வான் பள்ளத்தாக்கில் 2020-இல் நம் வீரர் இருபதின்மர் மாண்டனரே, மறந்தாயோ?” என்றார். எனக்கு மறுமொழி எழவில்லை. அவர் சொன்னது வீண் ஆவேசமன்று. படையில் உடனிருந்தாரை இழந்தவரின் துயர் அது.

அப்பொழுது என் மகள் அவர் அருகே சென்று, “பெரியப்பா, ஆங்கிலத்தில் உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே பெயர். சீனத்தில் உங்களுக்கென்றே தனிப்பெயர் இருக்கிறது, போஃபூ!” என்றாள். தந்தையின் தமையனைக் குறிக்கும் சொல் அது. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “கற்கட்டும். காவல் நிற்பவனுக்கும் அம்மொழி வேண்டும், தூது போகிறவனுக்கும் வேண்டும்” என்றார். அவர் துயர் தீர்ந்ததென்று யான் கூறேன். ஆயினும் அடுத்த முறை வந்தபோது அப்பெயராலேயே தம்மை அழைக்குமாறு குழந்தையைக் கேட்டார்.

தமிழர்க்கு இவ்வுறவு புதிதன்று. சீனத்துச் சுவான்சௌ நகரிற் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டின் இறுதியில் சீன எழுத்துக்களும் உள. 1409-இல் பொறிக்கப்பெற்று 1911-இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பெற்ற கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒருங்கே நிற்கின்றன. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றதை இக்கல்லூரியார் நன்கறிவர். குழந்தையோடு குழந்தையாய்க் கற்பதே மொழிக்கு நேர்வழி என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்காள்! நும் இல்லத்திலும் சிறு தம்பியரும் தங்கையரும் இருப்பர். எம்மொழியேனும் ஒன்றை அவரோடு கூடிக் கற்கத் தொடங்குமின். கால்மணி நேரமும் ஒரு தட்டு அரிசியும் போதும்.