முதல் கேள்வி

காசிக்குப் போக வேண்டும் என்று டிராவல்ஸ்காரர் முன்னால் போய் உட்கார்ந்தால், அவர் முதலில் என்ன கேட்கிறார் என்பதை நான் உற்றுக் கவனிப்பேன். "எத்தனை பேரு, ஏசியா நான் ஏசியா?" என்று தொடங்குகிறவர்களே அதிகம்.

பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தபோது கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸ்காரர், "அம்மாவுக்கு முழங்கால் எப்படி?" என்று கேட்டார். விசுவநாதர் கோயிலைச் சுற்றிய சந்துகளில் கார் நுழையாது. அனுமன் காட், கேதார் காட் பக்கம் தங்கினால் கங்கைக்குப் படி இறங்கி, திரும்பவும் ஏற வேண்டும். அதை மனத்தில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார். பெரியம்மா முன்பணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். அந்த மனிதர் அதைத் தொடவில்லை. "ஆவணியில வேண்டாம்மா. வெள்ளம் ஏறிட்டா படித்துறை முங்கிடும், படகு விடமாட்டாங்க. மார்கழி, தையில பனிமூட்டம். ரயில் எப்ப வந்து சேரும்னு சொல்ல முடியாது. தீபாவளியை ஒட்டிப் போனா தங்க அன்னபூரணியைப் பார்க்கலாம், ஆனா கூட்டம் நெரிக்கும். தாங்குவீங்களா?" என்றார். கயாவில் சிராத்தம் உண்டா என்று கேட்டு, மூன்று தலைமுறைப் பெயர்களை இங்கேயே எழுதி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே போய்க் கொள்ளுத்தாத்தா பெயருக்காக ஊருக்கு போன் போடக் கூடாதாம். பெரியம்மா அந்த நிமிஷமே பாதி யாத்திரை முடிந்த நிம்மதியில் இருந்தார்.

இப்படி முன்யோசனை உள்ளவரைப் பார்த்தால் ஏனுகுல வீராசாமய்யர் நினைவுக்கு வருகிறார். அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே மாதம் பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். ரயில் இல்லாத காலம். தெலுங்கில் அவர் எழுதிய 'காசி யாத்திரை சரித்திரம்' வெறும் பக்தி நூல் அல்ல. தங்கிய ஊர்களில் கடை உண்டா, தண்ணீர் எப்படி, இறங்க இடம் உண்டா, அடுத்த ஊருக்குப் பாதை எப்படி என்று பின்னால் வருகிறவனுக்காகக் குறித்துக்கொண்டே போகிறார். முன்பின் தெரியாத ஒருவனின் தாகத்தை நினைத்துப் பார்த்து எழுதுகிற அந்த மனத்தை வணங்கத் தோன்றுகிறது.

டிராவல்ஸ்காரரின் உண்மையான முதலும் அந்த மனம்தான். டிக்கெட்டை இன்று யாரும் போனிலேயே போட்டுவிடலாம். வெள்ளமும் பனியும் முழங்காலும் சேர்த்து யோசிக்க ஆள் வேண்டும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கும் முன்னதாகவே போய்ப் பேசுங்கள். எந்த விடுதி, எத்தனை வேளைச் சாப்பாடு, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுதி வாங்குங்கள். கடைசியாக அந்த ஊருக்கு எப்போது போனார் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் விலை சொல்பவரிடம், எவ்வளவு மலிவாக இருந்தாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.