முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்



பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இயந்திரம் அந்நியமான பொருளன்று. நம்மில் அநேகர் நிக்டிக்கும் ஆகுர்டிக்கும் வந்து குடியேறியதே இங்குள்ள வாகனத் தொழிற்சாலைகளை நம்பித்தான். ஆகவே, நம் வீட்டு வாலிபர்களுக்கு வேகத்தின்மேல் ஆசை எழுவதில் வியப்பில்லை. அந்த ஆசையை அவர்கள் நள்ளிரவில் பழைய மும்பை சாலையில் தீர்த்துக்கொள்ளும்போதுதான் பெற்றோர் உறக்கமிழக்கிறார்கள். 2024 மே மாதம் கல்யாணி நகரில் அதிவேகமாக வந்த கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்ததைப் புனே நகரம் இன்னும் மறக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நிக்டி பிராதிகரண் பகுதியில் இருக்கிறது. தகப்பனார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டூல்ரூமில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு இருபத்து நான்கு வயது. இருவரும் வீட்டின் கீழேயுள்ள ஒற்றைக் கார் கொட்டகையில் பழைய பியட் 1100 கார் ஒன்றை டிராக் பந்தயத்துக்காக உருவாக்கி வருகிறார்கள். பிள்ளையின் தாயார் ஒருநாள் என்னிடம், "ஐயா, இருபது வினாடி ஓட்டத்துக்காக இரண்டு வருஷ உழைப்பா? நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லுமுன் நானே பார்த்துவிடலாம் என்று பல சனிக்கிழமைகள் அந்தக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன்.

பந்தயத்தின் தன்மை

டிராக் பந்தயம் மிக எளிமையானது. இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். கம்பத்திலுள்ள விளக்குகள் மேலிருந்து கீழாக எரிந்து பச்சை வந்தவுடன் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட வேண்டும். வளைவு கிடையாது, இரண்டாம் சுற்றும் கிடையாது.

இதற்குப் பழைய கார் ஏன் என்று கேட்டேன். தகப்பனார் விளக்கினார். கார் பாய்ந்து புறப்படும் கணத்தில் அதன் பாரம் பின்பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்கள் தரையை இறுகப் பற்றுகின்றன. பழைய பியட்டும் அம்பாசிடரும் பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டிகள். இக்காலச் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுவதால், பாரம் எங்கே தேவையோ அங்கே குறைந்துபோகிறது.

பியட் 1100 நமக்கு நன்கு பழகிய வண்டிதான். பம்பாய் குர்லாவிலிருந்த பிரிமியர் தொழிற்சாலை அதைத் தயாரித்தது. 1974 முதல் அதற்குப் பத்மினி என்று பெயர். மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சியாக ஓடி, 2023 அக்டோபரில் அங்கிருந்து விடைபெற்றது. 1089 சி.சி. இஞ்சின், ஏறத்தாழ நாற்பது குதிரைத்திறன், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பந்தயத்துக்கு இது சொற்ப பலம்தான்.

சட்டம் சொல்வது

இதில் இறங்க விரும்பும் குடும்பங்கள் சட்டத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். அதற்கென ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளைக் கொண்ட தனி நம்பர் பலகை உண்டு. ஆனால் சேஸிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கலாகாது. மேலும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாதென 2019இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. பொதுச்சாலையில் அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டினால், முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஆகவே பழைமையைக் காப்பதா, பந்தயக் கார் ஆக்குவதா என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். இவர்கள் எடுத்தது, பதிவு ரத்தாகி, அடித்தளம் துருவேறிக் கிடந்த கூடு. அது இனிச் சாலையில் ஓடப்போவதில்லை; லாரியில் ஏற்றித்தான் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓடுபாதைகளின் கதை

டிராக் பந்தயம் அமெரிக்காவில் பிறந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கலிபோர்னியா வாலிபர்கள் பழைய போர்டு கார்களை வீட்டுக் கொட்டகைகளில் மாற்றியமைத்து, வறண்ட ஏரிப்படுகைகளிலும், ஆபத்தான விதத்தில் சாலைகளிலும் ஓட்டினார்கள். 1950இல் சாந்தா அனா விமானத்தளத்தில் கட்டணம் வாங்கி நடத்தும் ஓடுதளம் தொடங்கியது. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். சாலைப் பந்தயத்தை விட்டு வாலிபர்களைப் பாதுகாப்பான திடலுக்குக் கொண்டுவருவதே அதன் முக்கிய நோக்கம். இன்று நம் பெற்றோர் படும் கவலையேதான் அந்தச் சங்கத்துக்கும் அடிப்படையாயிருந்தது.

நம் நாட்டிலும் பந்தயம் விமான ஓடுபாதையில்தான் வளர்ந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்தில் அமைந்த ஓடுபாதையில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் திடல் உருவானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் மாருதி 800 இஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்களை உருவாக்கி, பல வாலிபர்களுக்கு வழி திறந்தார். 1995இல் விமான விபத்தில் மறைந்த அவருடைய பெயரைக் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே தாங்கி நிற்கிறது. நிக்டிக்கு அருகே, லோனாவாலாவை அடுத்த ஆம்பி வேலி ஓடுபாதையிலும் டிராக் பந்தயங்கள் நடந்திருக்கின்றன.

ஒரு காலின் விலை

அந்தத் தகப்பனார் அடிக்கடி சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. புளோரிடாவைச் சேர்ந்த டான் கார்லிட்ஸ் தம் பந்தயக் கார்களைத் தாமே கட்டி ஓட்டியவர். அக்காலத்தில் இஞ்சின் முன்னேயும் ஓட்டுநர் அதன் பின்னேயும் இருப்பது வழக்கம். கியர் அமைப்பு ஓட்டுநரின் கால்களுக்கிடையே இருக்கும். 1970 மார்ச் 8 அன்று லாங் பீச்சில் புறப்படும் கோட்டிலேயே அது வெடித்துச் சிதறி, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியைத் துண்டித்தது. அவர் பந்தயத்தை விட்டுவிடவில்லை. காரின் அமைப்பையே மாற்றினார். இஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார். புதிய கார் முதலில் நேராக ஓட மறுத்தது. ஸ்டீயரிங் சற்று மந்தமாகத் திரும்பும்படி செய்தபோது அடங்கியது. 1971இல் அந்தக் காரில் அவர் வென்றபின், சில ஆண்டுகளிலேயே அந்த உயர்வகுப்பில் முன்-இஞ்சின் கார்கள் மறைந்துபோயின.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2008இல் ஸ்காட் கலிட்டா என்னும் வீரர், ஓட்டம் முடிந்தும் நிற்க முடியாமல் போன காரில் உயிரிழந்தார். அதன்பின் மிக வேகமான வகுப்புகளுக்கு ஓட்டத்தூரத்தையே 1,000 அடியாகக் குறைத்தார்கள். ஓடுவதற்கான இடத்தைக் குறைத்து, நிற்பதற்கான இடத்தைக் கூட்டினார்கள்.

கொட்டகையில் நடந்தது

மகன் முதலில் வாங்கி வந்தது இஞ்சினைத்தான். அன்றே பொருத்திவிடத் துடித்தான். தகப்பனாரோ, "முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்" என்று சொல்லி, இஞ்சினைச் சாக்கினால் மூடி ஓரத்தில் வைத்தார். அவருடைய வரிசை வேறு: துருவை வெட்டியெடுத்து அடித்தளம்; பின்பு கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு; பின்பு பிரேக்; பின்பு தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வார்; புரொப்பெல்லர் ஷாப்ட் முறிந்தால் தரையில் குத்தாமல் தாங்கும் இரும்பு வளையம்; தீயணைப்பான்; பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். இஞ்சின் கடைசியில்.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று வாரம் கீழே இறங்கவில்லை. இரவில் மோட்டார் சைக்கிள் மட்டும் வெளியே போயிற்று. தகப்பனார் ஒன்றும் பேசாமல் தனியாகக் குழாய்களை அறுத்துக்கொண்டிருந்தார். அந்நாட்களில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாயிருந்தது.

நான்காம் வாரம் மகன் வந்து, பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி உட்கார்ந்தான். வேகம் இருமடங்கானால் நிறுத்தவேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது என்றும், சூடேறிய டிரம் விரிந்து பிரேக்கின் பிடி தளர்கிறது என்றும் தகப்பனார் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமென்று மகனே முடிவு செய்தான். உதிரிப்பாகங்களுக்காக இருவரும் ஜூனா பஜாருக்கும், விடுமுறையில் ஊருக்குப் போனபோது சென்னை புதுப்பேட்டைக்கும் அலைந்தார்கள். அவர்கள் வழக்கமாகப் போன குதள்வாடிப் பழைய இரும்புக் கொட்டகைகளை 2025 பிப்ரவரியில் மாநகராட்சி இடித்துவிட்டது.

சென்ற மாதம் இஞ்சின் இல்லாத அந்தக் காரை நாங்கள் நால்வர் தெருவில் தள்ளினோம். மகன் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்தான். கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. தகப்பனார் சக்கரங்களைச் சுற்றிவந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "சாக்கை எடு" என்றார். மகனின் இரவுப் பயணங்கள் முற்றிலும் ஒழிந்துவிட்டன என்று எழுதமாட்டேன். வெகுவாகக் குறைந்திருக்கின்றன என்று தாயாரே சொன்னார்கள்.

பெற்றோருக்கு

உங்கள் பிள்ளைக்கும் இத்தகைய ஆசை இருந்தால், உடனே தடுக்கவும் வேண்டாம், பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் வேண்டாம். செல்லுஞ்செலவை அவனோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்க விடாதீர்கள். உறுதியான தாங்கிகள் வேண்டும். ஷட்டரை மூடிக்கொண்டு இஞ்சினை ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். முறையான அனுமதியுள்ள திடலைத் தவிர வேறெங்கும் ஓட்டுவதில்லை என்பதை முதல்நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலும் இதுவே: "அம்மா, இருபது வினாடியை எண்ணாதீர்கள். சனிக்கிழமைதோறும் நீங்களும் கீழே போய், இன்று எதைப் பொருத்தினாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்." இப்போது அவர்கள் தேநீரோடு கீழே இறங்குகிறார்களாம்.