டவர் பாறை

பலாமரத்தை ஒட்டிய அந்தத் திண்ணையில் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. ஆனாலும் சுற்றுவட்டச் சிற்றூர்களில் செல்போன் கெட்டுப்போனால் முதலில் வந்து சேரும் இடம் இதுதான். இன்று ஒன்றிக்காட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்திருக்கிறார். மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போனை அவிழ்த்துத் திண்ணையில் வைக்கிறார். பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்.

“என்னாச்சு தாத்தா?”

“முந்தாநேத்து மழையில நனைஞ்சிருச்சு சாமி. அவங்க பேசறது எனக்குக் கேக்குது. நான் பேசறது அவங்களுக்குக் கேக்கல.”

“அரிசியில போட்டு வெச்சீங்களா?”

“சாமையில போட்டு வெச்சேன்.”

திண்ணைக்காரர் சிரிக்கவில்லை. பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்கிறார். சிறு பிரஷ்ஷால் மைக் துளையைத் துடைக்கிறார். சாமையின் மாவுத்தூசி வெள்ளையாக உதிர்கிறது. நனைந்த போனை அரிசியில் போட வேண்டாம், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் சொன்னதைப் பெரியவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிறார். “நனைஞ்சா மொதல்ல பேட்டரிய எடுங்க. காத்து படற எடத்துல வையுங்க. போதும்.” பெரியவர் அந்த இரண்டையும் விரல் மடக்கி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.

இந்த மலை தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 24 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து 3,000 அடிக்கு மேல் ஏறினால் பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, கொட்டலாங்காடு, நாயக்கனூர் என்று தள்ளித் தள்ளி ஊர்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். காப்பியும் மிளகும் வளர்க்கிறார்கள். 2021 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் இங்கு வந்து இவர்களோடு பேசினார். பேருந்து மேலே வரத் தொடங்கியதும் அண்மைக் காலத்தில்தான். செல்போன் அதற்கெல்லாம் முன்பே மலையேறிவிட்டது. வண்டி வராத நாளிலும் சட்டைப்பையில் வந்துவிடக்கூடிய பொருள் அது.

திண்ணைக்காரருக்கு முப்பது வயது இருக்காது. காப்பித் தோட்டத்து வேலை முடிந்த நேரத்தில்தான் இந்த வேலை. மரப்பெட்டியில் ஸ்க்ரூடிரைவர்கள், சால்டரிங் அயன், மீட்டர், கழற்றி வைத்த டிஸ்ப்ளேக்கள். பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்தான் அவர் திறந்து பார்த்த முதல் கருவி. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கைக்கு வந்த லேப்டாப்களில் பல பரணுக்குப் போய்விட்டன. இவருடையது இன்னும் ஓடுகிறது. விசைப்பலகையில் நான்கு எழுத்துகள் இல்லை. அந்த இடங்களில் பேனாவால் எழுதிய துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது.

கருவிகள் மீது அவருக்கு இருக்கும் பிரியம் கண்ணில் தெரிகிறது. புதிய போன் ஒன்றின் படத்தைக் கண்டால் முகம் மலர்கிறது. ஆனால் வாங்க வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி கேமராவைப் பற்றியது இல்லை. “இதுல என்னென்ன பேண்ட் இருக்குன்னு பாத்தீங்களா?” என்கிறார். 4ஜி சேவை பல அலைவரிசைகளில் வருகிறது. 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும்; மேட்டின் விளிம்பில் பட்டு ஓரளவு வளைந்தும் போகும். 2300 மெகாஹெர்ட்ஸ் போன்றது அதிகச் செய்தியைச் சுமக்கும், ஆனால் மலை குறுக்கே நின்றால் அங்கேயே தளர்ந்துவிடும். நகரத்தில் தெருவுக்குத் தெரு கோபுரம் இருப்பதால் இந்த வேறுபாடு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இங்கே தெரிந்திருக்க வேண்டும்.

திண்ணையிலிருந்து மேட்டுப்பாதையில் சிறிது நடந்தால் ஒரு பாறை வருகிறது. டவர் பாறை என்கிறார்கள். பள்ளத்து வீடுகளில் ஒரு கோடு காட்டி மறையும் போன், இங்கே மூன்று கோடு காட்டும். மதியத்துக்குள் பாறையில் ஏழெட்டுப் பேர் கூடிவிடுகிறார்கள். ஓசூரில் வேலைக்குப் போன மகனுடன் ஒரு தாய் பேசுகிறார். ஒரு பையன் காப்பிக்கொட்டையின் இன்றைய விலையை வியாபாரியிடம் கேட்கிறான். கல்லூரியில் படிக்கும் பெண் விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்புகிறாள். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கையை மேலே தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள்.

நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளரும் வந்து சேர்கிறார். 2023 ஜனவரி 1 முதல் வேலைக்கு வந்தவர்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. வேலை நடக்கும் இடத்தில் டவர் இல்லையென்றாலும் படம் எடுக்கலாம். ஏற்றுவதற்கு டவர் வேண்டும். வெயிலில் மண் வெட்டியவர்களின் ஒரு நாள் கூலி திரையில் அந்தச் சிறு வட்டம் சுற்றி முடிப்பதைப் பொறுத்திருக்கிறது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறார். ஏறிவிட்டதும் “போயிருச்சு” என்கிறார். பாறையில் இருக்கும் எல்லோருக்கும் அது நல்ல செய்தி.

திண்ணைக்காரர் பாறைக்கு வந்ததும் தன் வேலையை வரிசையாக முடிக்கிறார். இரண்டு பேருக்கு ரீசார்ஜ். மூன்று வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் வந்த படங்களை இறக்குதல். பிறகு தனக்கான நேரம். யூடியூபில் போன் பழுதுபார்ப்பது பற்றிய வீடியோக்களைத் தேடிச் சேமித்துக்கொள்கிறார். வீடியோவை இறக்கி வைத்து இணையம் இல்லாத இடத்தில் பார்க்கும் வசதியை யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் கொண்டுவந்தது. இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் நாடுகளை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. அந்த வசதியை ஒருவர் முழுமையாகப் பயன்படுத்துவதை இந்தப் பாறையில் பார்க்கலாம். பகலில் இங்கே சேமிப்பது. இரவில் வீட்டில் பார்ப்பது. மறுநாள் திண்ணையில் செய்து பார்ப்பது.

இறங்கும் முன் போனை ஃபிளைட் மோடில் போடுகிறார். பாறையில் இருப்பவர்களுக்கும் சொல்கிறார்: “டவர் இல்லாத எடத்துல செல்லு சும்மா இருக்காதுங்க. தேடிக்கிட்டே இருக்கும். தூரத்து டவரப் புடிக்க அதிக பவர் எடுக்கும். அதனாலதான் பேசாமயே சார்ஜ் எறங்குது.” புதுப் பேட்டரி வாங்கத் தருமபுரிக்குப் போகவிருந்த ஒரு அக்கா இதைக் கேட்டுப் பயணத்தைத் தள்ளிவைக்கிறார். ஒரு நாள் கூலியும் பேட்டரிப் பணமும் மிச்சம்.

மலை தடுப்பதை மட்டும் பேசினால் கதை பாதிதான். மலை கொடுப்பதும் உண்டு. திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில் காப்பிக்கொட்டை காய்கிறது. அதைக் கிளறிவிடும் அம்மாவின் இடுப்பில் பட்டன் போன். அதிலிருந்து தருமபுரி பண்பலை வானொலி தெளிவாக ஒலிக்கிறது. பண்பலை அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. உயரத்தில் இருப்பவருக்கு அது எளிதில் வந்து சேரும். அகில இந்திய வானொலி கொடைக்கானல் மலை மேல் பண்பலை நிலையத்தை வைத்து, அங்கிருந்து தமிழ்நாட்டின் பல மாவட்டங்களை எட்டியது இந்த இயல்பை நம்பித்தான். இணையம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம்.

அந்த அம்மாவின் மகன் அண்மையில் வாங்கிய டச் போனில் வானொலி இல்லை. “ஏண்ணா இதுல எஃப்எம் வரல?” என்கிறான். திண்ணைக்காரர் போனைத் திருப்பிக் காட்டுகிறார். இயர்போன் செருகும் துளை இல்லை. பல போன்களில் இயர்போன் வயர்தான் வானொலிக்கு ஏரியல். துளை போனதும் ஏரியல் போயிற்று. 2023 ஏப்ரலில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் பண்பலை வசதியை முடக்காமல் விடுங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. புயல், வெள்ளம் என்று வரும்போது கோபுரங்கள் சாய்ந்தாலும் வானொலி பேசும் என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்த வாசலில் அதற்குப் புயல்கூட வரவேண்டாம்.

வானத்திலிருந்து வருவதையும் மலை மறைப்பதில்லை. பள்ளத்தில் இருக்கும் ஆயா வீட்டில் 2006-இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் கிடைத்த டிவி, கனத்த பெட்டியாக இன்னும் உட்கார்ந்திருக்கிறது. நேற்றைய காற்றில் கூரை மேல் இருந்த டிஷ் திரும்பிவிட்டது. திண்ணைக்காரர் ஏறிப் போனின் திசைகாட்டியைப் பார்க்கிறார். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. இந்த மலையிலிருந்து தென்கிழக்கே, நன்றாக அண்ணாந்து பார்க்கும் உயரம். அவ்வளவு மேலே இருப்பதால் எதிர்க்கரை மேடு குறுக்கே வருவதில்லை. டிஷ்ஷை விரல் அகலம் நகர்த்துகிறார்.

“வந்துச்சா ஆயா?”

“வரல கண்ணு... வருது, வருது! உடு, அப்படியே உடு!”

பள்ளிவிட்ட பிள்ளைகள் இதற்குள் கூடிவிட்டார்கள். ஒரு சிறுவன், டவர் இல்லாத இடத்தில் மேப் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறான். திண்ணைக்காரர் கூரையிலிருந்து இறங்கி வந்து உட்காருகிறார். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தாங்கள் எங்கே இருக்கிறோம், மணி என்ன என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது, திருப்பி எதுவும் அனுப்புவதில்லை என்கிறார். நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால் இடமும் உயரமும் தெரிந்துவிடும். பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்கும் டவர் பாறைக்கும் உயர வித்தியாசம் பார்க்க ஓடுகிறார்கள்.

மாலையில் திண்ணை நிறைகிறது. பழுது பார்க்க வந்தவர்களும் சும்மா வந்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் வீங்கிய பேட்டரி ஒன்றை வைத்துக்கொண்டு திண்ணைக்காரர் ஒரு செய்தி சொல்கிறார். 2027 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று 2023-இல் அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. “நமக்குன்னு ஒரு செல்லு செஞ்சா எப்படி இருக்கணும்?” என்று கேட்டுவிட்டு, நோட்டை எடுக்கிறார்.

“பேட்டரிய நானே கழட்டணும்” என்கிறார் ஒன்றிக்காட்டுப் பெரியவர். மழையில் நனைந்த போனைக் காப்பாற்றுவது அதுதான் என்று இன்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “ரேடியோ இருக்கணும்” என்று காப்பி காயவைத்த அம்மா. “பாட்டு ஏத்த மெமரி கார்டு போடற எடம்” என்று அவர் மகன். “சத்தமா மணி அடிக்கணும், தோட்டத்துல இருந்தாலும் கேக்கணும்” என்று ஒரு குரல். “கையில மண்ணு இருந்தாலும் அமுக்கறாப்பல பட்டன்” என்று இன்னொன்று. அவர் ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதுகிறார்.

எழுதி முடித்ததும் பட்டியலை உரக்கப் படிக்கிறார். இதுவரை யாரும் செய்யாத அதிசயம் அதில் ஒன்றுகூட இல்லை. கழற்றும் பேட்டரி, இயர்போன் துளை, வானொலி, மெமரி கார்டு, பட்டன்: எல்லாம் கையில் இருந்தவை. மெலிதாகவும் அழகாகவும் செய்கிறோம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எடுத்தபோது இந்தத் திண்ணையை யாரும் கேட்கவில்லை. அடுத்த போனை வரைகிறவர்கள் கேட்க வேண்டும். பட்டியல் தயாராக இருக்கிறது.