கல் பொட்டு வைத்த சி.டி. பிளேயர்

எங்கள் வீட்டு மியூசிக் சிஸ்டம் போன சித்திரையில் படுத்துவிட்டது. 1998-ல் தவணையில் வாங்கியது. சி.டி.யை உள்ளே இழுத்துக்கொள்ளும், சற்று நேரம் யோசிக்கும், பிறகு 'நோ டிஸ்க்' என்று காட்டிவிட்டு வெளியே தள்ளிவிடும். ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். "லென்ஸ் போயிடுச்சு சார், இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸே வர்றதில்ல" என்றார். பாவம், வந்ததற்குக் காசுகூட வாங்கவில்லை.

எனக்கு மட்டும் என்றால் அத்தோடு விட்டிருப்பேன். பாட்டு கேட்பது என் மனைவி. மூன்று வருஷமாக அவளுக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது. நேராகப் பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் ஒரு கறை. ஓரக்கண்ணால் பார்த்தால் காதும் தோளும் தெரியும். நடப்பாள், சமைப்பாள், காசு தடவிச் சரியாகச் சொல்லிவிடுவாள். எழுத்து மட்டும் போய்விட்டது.

பாரிஸிலிருக்கும் மகள், "இன்னும் ஏம்பா சி.டி.? போன்ல எல்லாமே இருக்கே" என்றாள். இருக்கிறதுதான். ஆனால் போன் என்பது ஒரு கண்ணாடிச் சில்லு. தடவினால் எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. பேசினால் பாடும் பெட்டி ஒன்றையும் அனுப்பிவைத்தாள். இவள் 'எம்.டி. ராமநாதன்' என்று சொன்னால் அது வேறு யாரையோ பாட விடும். இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் முறை என்னைக் கூப்பிட்டாள். "ஒரு பாட்டு கேக்கறதுக்குக்கூட ஒங்களக் கூப்பிடணுமா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

பீரோவில் நூற்று நாற்பது சி.டி. இருக்கின்றன. மார்கழி சீசனுக்குச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் பொறுக்கி வாங்கியவை. அவற்றை அவளே எடுத்து, அவளே போட்டுக் கேட்க ஒரு கருவி வேண்டும். விலை பென்ஷனுக்கு அடங்க வேண்டும்.

முப்பத்தாறு வருஷம் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு மூன்று கொட்டேஷன் இல்லாமல் கை ஓடாது. பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைத்து, இணையத்தில் மூன்றைத் தேர்ந்தெடுத்துக் காகிதத்தில் எழுதினேன். முதலாவது காதில் மாட்டி மட்டும் கேட்பது. பென்சில் பேட்டரி இரண்டு போட வேண்டும். இரண்டாவது கைப்பிடி வைத்த பெரிய பெட்டி, ரேடியோவும் உண்டு. மூன்றாவது தட்டையானது, உள்ளேயே சின்ன ஸ்பீக்கர், போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும் பேட்டரி, இயர்போன் துளை. காதில் மாட்டினால் குக்கர் விசில் கேட்காது என்பதால் முதலாவது தள்ளுபடி. இரண்டாவதை அவளால் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போக முடியாது. மூன்றாவதை நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினோம். பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை.

கூடவே குட்டிப் புத்தகம் ஒன்று வந்தது. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு எல்லாம் இருந்தன. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற கர்வத்தில் அந்தப் பக்கங்களை மட்டும் படித்தேன். பிரெஞ்சில் இந்தக் கருவிக்குப் பெயர் 'லெக்தர்', அதாவது வாசிப்பவர். ஆங்கிலத்தைவிட இது நம் காதுக்குப் பொருத்தம். நாமும் புத்தகத்தை வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். இந்தக் கர்வம் பின்னால் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஓசை. ராமநாதனைப் போட்டுப் பார்த்தேன். கீழே இறங்கி, நிதானமாக நகரும் அந்தக் குரல்தான் நல்ல பரீட்சை. உள் ஸ்பீக்கரில் அவர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. இயர்போனில் குரல் வந்தது. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். அப்போதுதான் மூலையில் கிடந்த பழைய சிஸ்டம் நினைவுக்கு வந்தது. அதற்கு லென்ஸ்தான் போயிற்று, தொண்டை போகவில்லையே! பின்புறம் 'ஆக்ஸ்' துளை இருந்தது. நூற்றைம்பது ரூபாய் ஒயரை இயர்போன் துளையிலிருந்து அதற்கு இழுத்தேன். ராமநாதன் கூடத்தில் வந்து அமர்ந்துவிட்டார். சின்னக் கருவியின் சத்தத்தை முக்கால் பங்கில் வைத்துவிட்டு, பழைய சிஸ்டத்தின் வட்டக் குமிழைத் திருப்பினால் போதும். அந்தக் குமிழ் அவள் விரலுக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம். வீட்டில் பழைய சிஸ்டம் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் பாட்டு தாவுமா என்று பலர் கேட்கிறார்கள். முன்பு தாவும். இப்போதைய கருவிகள் தேவைக்கு மேல் வேகமாகச் சுழற்றி, முன்கூட்டியே படித்து, நினைவகத்தில் சேர்த்து வைக்கின்றன. மோட்டார் நின்றாலும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொஞ்ச நேரம் குழாயில் வருகிறதல்லவா, அதே கணக்கு. கொல்லைப்புறம் வரை நடந்து பார்த்தேன், தாவவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. நேரடிக் கச்சேரி சி.டி.யில் ஆலாபனை ஒரு எண்ணாகவும் கிருதி அடுத்த எண்ணாகவும் இருக்கும். ஓசை விடாமல் ஓட வேண்டும். இது அந்த இடத்தில் அரை விநாடி ஊமையாகிறது. "கைதட்டல எவனோ கத்தரிக்கோலால வெட்றான்" என்றாள். அதற்கு மருந்து இல்லை. பேட்டரி, சொன்ன நேரத்தில் முக்கால் பங்கு வருகிறது. போதும்.

இப்போது கர்வத்துக்கு வருகிறேன். கருவியின் பக்கவாட்டில் நகத்தளவு ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கிறது. பிரெஞ்சுப் பக்கத்தில் அதற்கு 'தெனிர்' என்று போட்டிருந்தது. கையில் பிடித்துக்கொள் என்று அர்த்தம். ஏதோ கயிறு மாட்டும் இடம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போய், திரும்பி வர மூன்று மணி ஆகிவிட்டது. வீடு நிசப்தம். இவள் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பாட்டு கேட்கவில்லையா என்றதற்குத் தலைவலி என்றாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான், "ஏங்க, அத நான் கெடுத்துட்டேன் போலிருக்கு. எந்தப் பட்டனும் வேல செய்யல. நாலாயிரம் ரூபா" என்றாள்.

ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டினேன். 'ஹோல்டு.' பையில் வைத்திருக்கும்போது பட்டன்கள் தானாக அழுந்தாமல் பூட்டும் சுவிட்ச்! தூக்கும்போது அவள் விரல் பட்டு நகர்ந்திருக்கிறது. யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர், அல்லது ஒரு யந்திரம், பூட்டைப் பிடிப்பாக்கிவிட்டது. பூட்டியிருப்பதாகத் திரையில் சின்ன எழுத்து தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? சுவிட்சைத் திறந்த நிலையில் தள்ளி, இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய், பொட்டு அட்டையை எடுத்து வந்தாள்.

பிளே பட்டனில் ஒரு கல் பொட்டு. அடுத்த பாட்டுக்குப் போகும் பட்டனில் சின்னதாக ஒன்று. மற்ற பட்டன்கள் வேண்டாம் என்றாள். பிறகு சி.டி. பெட்டிகளுக்கு வந்தாள். எம்.எஸ்.ஸுக்கு ஒரு பொட்டு, ராமநாதனுக்கு இரண்டு, லால்குடி ஜெயராமனுக்கு மூலையில் ஒன்று, பிருந்தா-முக்தா சகோதரிகளுக்கு ஒட்டினாற்போல ஜோடியாக. பெட்டியில் மட்டும்தான், தட்டின் மேல் எதையும் ஒட்டக்கூடாது, சுழலும்போது ஆட்டம் கொடுக்கும். எந்தப் பக்கம் மேலே என்பதை அவளே கண்டுபிடித்தாள். நடுத் துளையை ஒட்டி அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய மேட்டு வளையம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. இத்தனை வருஷம் நான் அதைக் கவனித்ததே இல்லை.

துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். சி.டி. உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றிப் படிக்கப்படுவது; வட்டமாக விழும் கீறல் அந்த வழியோடு கூடவே ஓடும். பளபளக்கும் அடிப்பக்கத்தைவிடப் படம் போட்ட மேல்பக்கம்தான் நோஞ்சான். பாட்டு அந்த மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு, பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டிருக்கிறேன்.

இப்போது மத்தியானத்தில் மூடி திறக்கும் 'டக்' சத்தம் கேட்கும். பிறகு தம்பூரா. யார் பாடுவது என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். "கேட்டுக் கண்டுபிடிங்க" என்றாள்.

பார்த்துவிட்டு வாங்க வேண்டும் என்று நினைக்கும் உள்ளூர் நண்பர்கள் வீட்டுக்கு வரலாம், காட்டுகிறேன். நாலு மணிக்கு மேல் வாருங்கள். இரண்டிலிருந்து நாலு வரை அது அவளுடையது.