கேழ்வரகுப் பானையும் ஒரு வேதச் சொல்லும்

2009 புத்தாண்டு ஆராதனை. செஞ்சியில் நாங்கள் போகும் சபையில் நள்ளிரவு ஜெபம் முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு வரிசை வரிசையாக வரும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த ஆண்டு முழுக்க அந்த வசனம்தான் நமக்கு. எனக்கு வந்தது யாத்திராகமம் 19:5. கடவுள் தம் மக்களைத் தமக்குச் 'சொந்த சம்பத்து' என்று சொல்லும் இடம்.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. சிங்கவரத்துக்குத் திரும்பி நடக்கும்போது, "என்ன வந்திருக்கு, படி" என்றாள். படித்தேன்.

"சம்பத்துன்னா?"

"சொத்து ஆயா."

"நம்மகிட்ட ஏது சொத்து? நம்மள ஏன் சொத்துன்றாரு?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் அது போகவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. எங்கள் ஊர்க் குன்றில் பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு 1714-இல் கடைசிப் போருக்குப் புறப்படுமுன் அவரிடம் உத்தரவு கேட்டதாகவும், போகவேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். பள்ளியில் கூடப் படித்தவர்கள் சொல்லக் கேட்ட நாளிலிருந்து, கடவுள் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றால் என்ன என்ற பயம் எனக்கும் இருந்தது. பிள்ளை சாகப்போவதைப் பார்க்கப் பொறுக்காமல் திருப்பிய முகம் அது என்று பெரியவர் ஒருவர் சொன்னது பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. ஆனால் அந்தப் பயம் தங்கிவிட்டது. என்னை ஒருவர் பொக்கிஷமாக வைத்திருக்கிறார் என்றால், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டியிருந்தது.

எங்கள் ஊருக்கு எழுத்தைத் தேடி வருகிறவர்கள் உண்டு. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்கள் செதுக்கிய பாறைக்குப் பக்கத்தில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறும் நிலையை அதில் பார்க்கலாம் என்று தூரத்திலிருந்தெல்லாம் வந்து பாறையைத் தடவிப் பார்ப்பார்கள். அவர்கள் ஒரு எழுத்துக்காக அவ்வளவு தூரம் வரும்போது, ஒரு சொல்லுக்காக நான் சென்னை வரை போவதில் என்ன இருக்கிறது?

முதலில் வீட்டு வேதாகமம். நாம் இன்றும் வாசிப்பது 1871-இல் போவர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பு. அதில் 'சொந்த சம்பத்து'. 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'தனிச்சொத்து'. சம்பத்து வடசொல், செல்வம், செழிப்பு. எங்கள் பக்கத்தில் அது ஆம்பளைப் பெயராக மட்டுமே புழங்குகிறது. தனிச்சொத்து தெளிவான சொல்தான், ஆனால் பத்திரப்பதிவு அலுவலக வாடை அடிக்கிறது. இரண்டிலும் ஆயாவின் கேள்விக்குப் பதில் இல்லை.

பின்னோக்கிப் போனால் தரங்கம்பாடி. 1706-இல் கரையிறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை முடித்து, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து 1719-இல் இறந்தார். மீதியை ஷூல்ட்சே முடித்தார். அவர்களுக்குப் பின் ஃபப்ரீசியஸ் முழுவதையும் திரும்பச் செய்தார். சென்னை வேப்பேரியில் அவர் கையில் இருந்த அச்சகம் 1761-இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கொள்ளைப்பொருளாக எடுத்துவந்தது. அதே ஆண்டில்தான் செஞ்சிக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயருக்குப் போனது. ஒரே போர் எங்கள் கோட்டையை முடித்து, தமிழ் கிறிஸ்தவ நூல்களுக்கு ஓர் அச்சகத்தைக் கொடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்று கோட்டையை வேறு மாதிரிப் பார்த்தேன்.

எபிரேய மூலத்தை எனக்குக் காட்டியவர், இறையியல் கல்லூரியில் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு ஐயர். கீழ்ப்பாக்கம் குருகுல் நூலகத்தில் உட்கார்ந்து, வலமிருந்து இடமாக விரல் வைத்து அந்தச் சொல்லை நிறுத்தினார்: செகுல்லா. எபிரேய வேதத்தில் 8 இடங்களில் மட்டும் வருகிற சொல். ஆறு இடங்களில் கடவுளின் மக்களைக் குறிக்கிறது. மற்ற இரண்டில் அரசர்களின் செல்வம். "இந்த ரெண்டையும் முதல்ல பாருங்க தம்பி, அப்பத்தான் அந்த ஆறும் விளங்கும்" என்றார்.

நாளாகமம் முதல் புத்தகம் 29-ஆம் அதிகாரத்தில் தாவீது ஆலயத்துக்குப் பொன்னும் வெள்ளியும் சேகரிக்கிறான். அரசாங்கக் கருவூலத்திலிருந்து கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. அதற்கு மேல் தனக்கென்று வைத்திருந்ததையும் எடுத்துத் தருகிறான். அந்தத் தனிச் சேமிப்புதான் செகுல்லா. நாடே அரசனுடையது, ஆனாலும் அதற்குள் அவன் தானே சேர்த்து, தானே எண்ணி வைத்தது ஒன்று உண்டு. யாத்திராகமத்தில் பூமியெல்லாம் என்னுடையது என்று சொல்கிற அதே மூச்சில், நீங்கள் எனக்குச் சொந்தம் என்று கடவுள் ஏன் சொல்கிறார் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

அதோடு நின்றிருந்தால் அது அரண்மனைச் சொல்லாகவே எனக்குத் தங்கியிருக்கும். ஐயர் இன்னும் கீழே தோண்டச் சொன்னார். செகுல்லாவுக்கு பாபிலோனின் அக்காடிய மொழியில் ஒரு உறவுச்சொல் இருக்கிறது, சிகில்து. ஹம்முராபியின் சட்டத்தில் 141-ஆம் பிரிவு, வீட்டை விட்டுப் போக நினைத்துத் தனக்கென்று சேர்த்துவைக்கும் மனைவியைப் பற்றியது. அந்தச் 'சேர்த்துவைத்தல்' இதே வேரில் வரும் சொல். அங்கே அது குற்றம். புருஷன் அவளைத் தள்ளிவிடலாம். படித்ததும் மனசு சுருங்கிவிட்டது. கடவுள் வாயில் வரும் சொல்லுக்கு இப்படி ஒரு பிறப்பா?

அடுத்து லத்தீன். பெத்லகேமில் இருந்து எபிரேயத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் இந்த இடத்தில் போட்ட சொல் பெகூலியும். ரோமச் சட்டத்தில் அடிமைக்குச் சொத்து கிடையாது, தகப்பன் அதிகாரத்தில் இருக்கும் மகனுக்கும் கிடையாது. ஆனாலும் அவர்கள் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ள விடுவார்கள். அந்தக் கொஞ்சத்துக்குப் பெயர் பெகூலியும்.

மனைவி. அடிமை. மகன். பேரில் எதுவும் இல்லாதவர்கள், சிறுகச் சிறுக ஒளித்தும் ஒளிக்காமலும் சேர்த்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். இதற்குத் தமிழில் சொல் தேடவேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் கேழ்வரகுப் பானைக்குள் இருந்தது.

சிறுவாடு.

சிறுபாடு என்றும் இந்தச் சொல்லுக்கு ஒரு வடிவம் உண்டு. ஆயா மல்லாட்டை பறிக்கப் போன கூலியில், மோர் விற்றதில், தாத்தாவுக்குக் கணக்குக் காட்டியது போக மிஞ்சியதைத் துணியில் முடிந்து அடுக்குப்பானையின் அடிப்பானையில் கேழ்வரகுக்குள் புதைத்து வைப்பாள். வீடு தாத்தா பேரில், அரை ஏக்கர் மானாவாரியும் தாத்தா பேரில். அந்தப் பானை மட்டும் அவளுடையது. தாத்தாவுக்குத் தெரியாமல் இல்லை. சந்தேகமாகப் பார்ப்பார், சண்டையும் நடக்கும். என் பத்தாம் வகுப்புப் பரீட்சைக் கட்டணம் அதிலிருந்து வந்தது. அம்மாவின் பிரசவத்துக்கு மாட்டுவண்டி பிடித்ததும் அதிலிருந்துதான். எடுக்கும்போது ஒவ்வொரு காசையும் அவள் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்ப்பாள். எந்தக் காசு எந்த நாளில் வந்தது என்று அவளுக்குத் தெரியும் என்றே சின்ன வயதில் நம்பினேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

செஞ்சியில் வளர்ந்தவனுக்குப் பொக்கிஷம் என்றால் பிடுங்குவதுதான். 1649-இல் பீஜப்பூர்க்காரர், 1677-இல் சிவாஜி, எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-இல் மொகலாயர், பிறகு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். ஒருவன் சேர்த்ததை அடுத்தவன் தூக்கினான். செகுல்லா அந்த வகைச் செல்வம் இல்லை. கையிலிருந்து நழுவிவிடக் கூடியதை நாளுக்கு நாள் காத்துச் சேர்த்தது. உபாகமம் 7-ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிற அடுத்த வசனத்திலேயே, நீங்கள் திரளானவர்கள் என்பதால் அல்ல, எல்லாரிலும் கொஞ்சமானவர்கள் என்று வருகிறது. சில்லறை என்று தெரிந்தேதான் சேர்த்திருக்கிறார். பூமியெல்லாம் தம் பேரில் இருக்கிறவர், பேரில் ஒன்றுமில்லாத ஒருத்தியின் சொல்லை எடுத்து அதால் எங்களை அழைக்கிறார். ஆயா கேட்ட கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை அவளிடம் சொன்னது 2011 ஜூனில். வெளித்திண்ணையில் உட்கார்ந்து, தாவீதிலிருந்து ஆரம்பித்து, பாபிலோன் பெண்ணை, ரோம அடிமையை, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப சாமிக்கும் சிறுவாடு இருக்குதா?"

"இருக்கு ஆயா. நாமதான்."

கொஞ்ச நேரம் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் அடிப்பானையை இறக்கி, முடிச்சை எடுத்துவந்து முறத்தில் கொட்டினாள். ரூபாய்க் காசுகளுக்கு நடுவே 5 பைசா, 10 பைசா, பித்தளை 20 பைசா, நிறைய 25 பைசா. அந்த மாதக் கடைசியோடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளதும் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. நான் அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தேன்.

"இதெல்லாம் 29-ந்தேதி வரைக்கும்தான் ஆயா. பேங்க்ல குடுத்து நான் மாத்தியாந்துர்றேன்."

அவள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"செல்லாதுன்னு கடைக்காரன் சொல்லட்டும் கண்ணு. சேத்தவ நானு."

ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்து, மற்ற காசுகளோடு சேர்த்து முடிந்து, கேழ்வரகுக்குள் கை முழங்கை வரை போக அழுத்தி வைத்தாள்.